துளை போட்ட தேதி

தபால்காரி வாயில் ரகசியம் தங்காது என்பார்கள். தங்காமலா இருபத்தாறு வருஷமாக ஆல்டர் ஓடைப் பாதையில் வண்டி ஓட்டுகிறேன்? யார் வீட்டுக்கு மருத்துவமனைக் கடிதம் வருகிறது, எந்தப் பெரியவர் எந்த விதவைக்கு வாழ்த்து அட்டை அனுப்புகிறார், எல்லாம் எனக்குத் தெரியும். நான் வாயைத் திறந்திருந்தால் பாதிப் பள்ளத்தாக்கு ஊரைக் காலி பண்ணிக்கொண்டு போயிருக்கும். அதனால்தான் ஏப்ரலில் ஒரு நாள் காலை ஹால்வர் ஸ்டென்ருட் தன் தபால்பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, நான் நீட்டிய கடிதக் கட்டை வாங்காமல், "பெட்டியிலே போடு" என்றபோது எனக்குச் சுருக்கென்று ஆயிற்று.

நானும் அவனும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். முப்பத்தைந்து வருஷமாக நானூறு செம்மறிகளை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டுகிற ஆள். என்னைக் கண்டால் முதலில் வானிலையைத் திட்டுவான், பிறகு கடிதத்தை வாங்குவான். அன்றைக்கு இரண்டும் இல்லை.

"என்ன ஹால்வர், கையிலே சுளுக்கா?"

"கை நல்லாத்தான் இருக்கு. உன் வாய் எப்படி இருக்கு, பெர்னி?"

"என் வாய்க்கு என்ன கேடு?"

"ஜனவரியிலே எனக்கு ஒரு பார்சல் வந்துச்சே, சின்னப் பெட்டி. நீதானே கொண்டாந்தே?"

"நான் கொண்டாராம காக்காவா கொண்டாரும்?"

"அதுல என்ன இருந்துச்சுன்னு உனக்குத் தெரியும்."

"தெரியாம? நீயே எம் முன்னாடி பிரிச்சுக் காட்டினியே. துப்பாக்கி துடைக்கிற சாமான், இதை வச்சு வேட்டுச் சத்தத்தை அடக்குற சைலன்சர் பண்ணப் போறேன்னு பெருமை அடிச்சுக்கிட்டே."

"யார்கிட்ட சொன்னே?"

"அடப்பாவி! யார்கிட்டயும் சொல்லலே. ஊர் பூராச் சொல்லித் திரிய எனக்கென்ன பைத்தியமா?"

"பின்னே எப்படி நேத்து எனக்குப் போன் வருது?" பாதையின் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டான். கண்ணுக்கெட்டிய தூரம் வரை பனி உருகிய சேறும் பக்கத்து நிலத்துக்காரன் கெம்ப் வீட்டு வேலியும்தான். ஆனாலும் குரலைத் தாழ்த்தினான். "மத்திய அரசாங்கத்து ஆளு. 'உங்ககிட்ட ஒரு சாமான் இருக்கிறதாத் தெரிய வந்திருக்கு, நேர்ல வந்து பேசணும்'ங்கிறான். எப்படித் தெரிய வந்துச்சுன்னு கேட்டா, அதைப் போன்ல சொல்றதுக்கில்லையாம். எவனோ போட்டுக் குடுத்திருக்கான். எவனோ என்ன எவனோ. இந்தப் பாதையில இருக்கிற ஒருத்தர்தான்."

அவன் என்னையே பார்த்தான். என் கழுத்து வேர்த்தது. செய்யாத தப்புக்கு வேர்ப்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. வேர்வையை அவன் பார்த்துவிட்டான் என்று தெரிந்ததும் இன்னும் வேர்த்தது. அந்த நிமிஷத்தில் என்மேல் இருந்த கண்ணை வேறு எங்காவது திருப்பினால் போதும் என்றுதான் இருந்தது. எங்கே திருப்பினேன் பாருங்கள்.

"என்னை வந்து கேக்கிறியே, உன் வீட்டு வாசல்லயே ஒருத்தனைக் குடி வச்சிருக்கியே, அவனைக் கேட்டியா?"

ஹால்வர் கண் மெதுவாகத் திரும்பி, கொட்டிலுக்குப் பின்னால் நின்ற, சக்கரம் வைத்த டிரெய்லர் வீட்டின்மேல் போய் உட்கார்ந்தது. அதில் இருந்தவன் டெல், ஹால்வர் மனைவி லோர்னாவின் தம்பி. போதை மருந்து வழக்கில் மூன்று வருஷம் உள்ளே இருந்துவிட்டு வந்தவன். அது நடந்தும் ஒன்பது வருஷம் ஆகிவிட்டது. சொன்ன வாயை அப்போதே தைத்துக்கொண்டிருக்கலாம். நான் வண்டியை எடுத்துக்கொண்டு அடுத்த பெட்டிக்குப் போய்விட்டேன்.

ஹால்வருக்குச் சைலன்சர் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். எவனையும் ஒளிந்திருந்து சுடுவதற்கில்லை. போன வருஷம் மார்ச்சில் ஒரு கயோட்டி நரி கொட்டில் வாசல்வரை வந்துவிட்டது. ஹால்வர் அங்கேயே நின்று சுட்டான். நரி விழுந்தது. ஆனால் வேட்டுச் சத்தத்தில் உள்ளே இருந்த தாய் ஆடுகள் மிரண்டு ஒரே மூலைக்குப் பாய்ந்து, பிறந்து ஒரு நாள் ஆகாத பதினோரு குட்டிகளை மிதித்துக் கொன்றன. நரி தின்றிருந்தால்கூட ஒன்றுதான் போயிருக்கும். அந்தப் பதினொன்றையும் அவன் கைவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனதை நான் பார்த்தேன். அழுதுகொண்டேதான் போனான்.

அதனால் அந்தச் சாமானை வரவழைத்தான். அப்படியே இருந்தால் அது துடைக்கிற சாமான். உள்ளே இருக்கும் மூடிகளில் குண்டு போகத் துளை போட்டுவிட்டால் சைலன்சர். எங்கள் மாநிலத்தில் சைலன்சர் வைத்துக்கொள்ளலாம், தப்பில்லை. மத்திய அரசுக்கு மனுப் போட வேண்டும், அவ்வளவுதான். ஹால்வரும் போட்டான். கைரேகை கொடுத்தான், கட்டணம் கட்டினான். மார்ச்சில் அங்கிருந்து ஏதோ கேட்டு வந்த கடிதத்தையும் அவன் அனுப்பிய பதிலையும் நான்தான் பதிவுத் தபாலில் சேர்த்தேன்.

அவன் புலம்பலும் அதுதான். "நான் முறையா மனுப் போட்டவன். திருட்டுத்தனம் பண்றவன் மனுப் போடுவானா? மனுப் போட்டவன் வீட்டுக்கு ஏன் திருடன் வீட்டுக்கு வர்ற மாதிரி வர்றாங்க? நடுவுல எவனோ எதையோ இல்லாததச் சொல்லியிருக்கான்."

நியாயமாகத்தான் எங்களுக்கும் பட்டது.

*

அடுத்த வாரம் தபால்பெட்டிக்குள் முட்டை இல்லை. லோர்னா வெள்ளிக்கிழமை தவறாமல் எனக்கு ஒரு டஜன் வைப்பாள். முட்டை வராதது பரவாயில்லை, மனசு கேட்கவில்லை. வேலை முடிந்ததும் வண்டியை அவர்கள் வீட்டுப் பக்கம் திருப்பினேன்.

லோர்னா கொட்டிலில் இருந்தாள். குட்டி ஈனும் காலம் முடியப்போகிற நேரம். பலகையடித்துத் தடுத்த சின்னச் சின்ன அறைகளில் தாயும் குட்டியுமாக அடைத்துக் கிடந்தன. வைக்கோலும் மூத்திரமும் சீம்பாலும் கலந்த நெடி. தாய் ஏற்காத குட்டிகள் ஏழெட்டு ஒரு மூலையில் விளக்குச் சூட்டில் கத்திக்கொண்டிருந்தன. அவள் இரண்டு கையிலும் இரண்டு பால் புட்டியைப் பிடித்து, மூன்றாவதைத் தொடை இடுக்கில் வைத்து ஊட்டிக்கொண்டிருந்தாள். நான் கேட்காமலே நான்காவது புட்டியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

"முட்டையைக் காணோம்னு வந்தியா?" என்றாள்.

"முட்டை போட்டது கோழி. கோவிச்சுக்கிட்டது யாருன்னு பாக்க வந்தேன்."

"நான் கோவிக்கலை. அவர்தான் வைக்காதேன்னுட்டார். பெட்டிகிட்டயே என்னைப் போக விடுறதில்லை. நேத்து ராத்திரி சாப்பிடுறப்போ கேக்கிறார், 'போன் பில்லுல மிசூலா டவுன் நம்பர் ஒண்ணு மூணு தடவை இருக்கே, யாரது?'ன்னு. முப்பத்தோரு வருஷம் குடும்பம் நடத்தினவகிட்ட."

"யாரது?"

"நீயுமா?" அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்போடு கண்ணும் கலங்கியது. "வக்கீல். என் அத்தை மகளோட வக்கீல். இவர் வக்கீலே வேணாம், தப்புப் பண்ணினவனுக்குத்தான் வக்கீல்ங்கிறார். நான் திருட்டுத்தனமாக் கூப்பிட்டேன்."

"வக்கீல் என்ன சொல்றார்?"

புட்டி காலியான குட்டியைத் தள்ளிவிட்டு அடுத்ததை இழுத்தாள். "அந்த அம்மா முதல்ல கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். 'துளை போட்டது என்னைக்கு, அனுமதி வந்தது என்னைக்கு?' அனுமதி இன்னும் வரலையேன்னேன். அப்புறம் சொன்னாங்க, அனுமதி கைக்கு வந்தப்புறம்தான் துளையே போடணுமாம். மனுப் போட்டா பத்தாதாம். அதுக்கு முன்னாடி ஒரே ஒரு துளை போட்டாலும் குற்றமாம். பத்து வருஷம் வரைக்கும் போடலாமாம்."

"பத்து வருஷமா!"

"பத்து வருஷம் போட மாட்டாங்க, பயப்படாதீங்கன்னு சொன்னாங்க. ஆனா குற்றவாளின்னு ஒரு தடவை எழுதிட்டா, ஆயுசுக்கும் கையில துப்பாக்கி தொடக் கூடாது. துப்பாக்கி தொடாம இந்தப் பள்ளத்தாக்குல ஆடு வளக்க முடியுமா, பெர்னி? ஒரே வருஷத்துல நரி துடைச்சிட்டுப் போயிடும். அப்புறம் நிலத்தை வித்துட்டு எங்கயாவது அடுக்கு வீட்டுல போய் உக்காரணும். அவர் செத்துப் போயிடுவார்."

"ஹால்வர்கிட்ட இதைச் சொன்னியா?"

"சொன்னேன். 'அதெல்லாம் எழுத்துல அப்படித்தான் இருக்கும். வேலையைப் பண்ணி வச்சாத்தானே அவன் பாத்து முத்திரை குத்துவான்'ங்கிறார்."

இதில் அவனை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. எங்கள் பக்கத்தில் வேலை முதலில், காகிதம் பிறகு. நாங்கள் உட்கார்ந்திருந்த அந்தக் கொட்டிலே தொண்ணூற்றெட்டில் கட்டியது. அனுமதி கேட்டு மனு எழுதியது இரண்டாயிரத்து ஒன்றில். மனுவோடு கட்டி முடித்த கொட்டிலின் புகைப்படத்தையும் வைத்து அனுப்பினான். ஊராட்சி அலுவலகத்தில் இருந்த பெண் சிரித்துக்கொண்டே முத்திரை குத்திக் கொடுத்தாள். கிணறும் அப்படித்தான், ஓடையில் போட்ட மதகும் அப்படித்தான். முதலில் கேட்டால் நூறு கேள்வி, முடித்துவிட்டுக் காட்டினால் ஒரே முத்திரை என்பது எங்கள் அப்பாக்கள் காலத்து ஞானம்.

"வக்கீல் ரெண்டு விஷயம் கண்டிப்பாச் சொன்னாங்க," என்றாள் லோர்னா. "அந்தச் சாமானை உடைக்கவும் கூடாது, ஒளிக்கவும் கூடாது. வக்கீல் நேர்ல வர்ற வரைக்கும் யார்கிட்டயும் ஒரு வார்த்தை பேசவும் கூடாது. இவர் என்னடான்னா ஒரு நாள் மருந்து அலமாரியில வைக்கிறார், ஒரு நாள் தீவன மூட்டையில வைக்கிறார். தினம் மத்தியானம் ஒரு தடவை போய் இருக்கான்னு தொட்டுப் பாத்துட்டு வர்றார்."

"டெல் எங்கே? டிரெய்லர் பூட்டியிருக்கே?"

அவள் கை நின்றது. "தெரியாதா உனக்கு? போன வாரம் செவ்வாய்க்கிழமையே துரத்திவிட்டுட்டார். 'பழைய வழக்கை லேசாக்கிக்க என்னை வித்துட்டியா?'ன்னு கேட்டார். அவனுக்கு வழக்கே முடிஞ்சு போச்சு, லேசாக்க என்ன இருக்கு? அவன் ஒரு வார்த்தை எதுத்துப் பேசலை. துணியை மூட்டை கட்டிக்கிட்டுப் போயிட்டான். இப்போ டவுன்ல தீவனக் கடையில மூட்டை தூக்கறான். குட்டி ஈனுற காலத்துல ராப்பகலா எங்கூட நின்ன பிள்ளை." மூக்கை உறிஞ்சினாள். "எவளோ எவனோ அவர் காதுல ஓதியிருக்காங்க. எனக்கு அந்தக் கெம்ப் மேலதான் சந்தேகம். வேலித் தகராறு இன்னும் அவன் வயித்துல எரியுது."

அப்போது சொல்லியிருக்க வேண்டும். என் மடியில் குட்டி புட்டியை முட்டி முட்டிக் குடித்துக்கொண்டிருந்தது. நான் அதன் வாயையே பார்த்துக்கொண்டு, "கெம்ப்பா? இருக்கும், இருக்கும்" என்றேன். என்னைப் போல ஒரு கழுதை இந்த மாநிலத்தில் இருக்க முடியாது.

வாசல் இருட்டியது. ஹால்வர் நின்றிருந்தான். மெலிந்திருந்தான். கோட்டு அவன் தோளில் தொங்கியது.

"என்ன மாநாடு?" என்றான்.

"உன்னைப் பத்தித்தான். வேற யாருக்கு இங்க அவ்வளவு கிராக்கி?" என்றேன்.

சிரிக்கவில்லை. "அடுத்த வாரம் சனிக்கிழமை குட்டிகளுக்கு வாலறுப்பு. உனக்குச் சனிக்கிழமை லீவுதானே? வந்துடு. கெம்ப்பையும் கூப்பிட்டிருக்கேன்."

"கெம்ப்பையா?" லோர்னா எழுந்துவிட்டாள்.

"உன் தம்பிக்கும் சொல்லிவிடு."

என்னைவிட லோர்னா அதிகம் திகைத்துப் போனாள். போன் வந்த நாளிலிருந்து கெம்ப் வண்டியைக் கண்டால் எச்சில் துப்பிக்கொண்டிருந்த மனுஷன். மனம் இறங்கிவிட்டான் என்று அவள் முகம் மலர்ந்தது. எனக்கு மட்டும் அது பிடிபடவில்லை. இறங்கியவன் முகம் அப்படி இருக்காது.

*

வாலறுப்புக்குக் கூப்பிட்டால் வராமல் இருக்க முடியாது. யாருடன் யாருக்குச் சண்டை இருந்தாலும் குட்டிகளுக்கு அது தெரியாது. வாலை விட்டுவைத்தால் வெயில் காலத்தில் சாணி ஒட்டி, ஈ முட்டையிட்டு, உயிரோடு புழுவைத்துச் சாகும். எனவே அவரவர் பட்டிக்கு அவரவர் நாள் குறிப்பார்கள், மற்றவர்கள் போவார்கள். போகவில்லையென்றால் அந்த உறவு முடிந்தது என்று அர்த்தம்.

சனிக்கிழமை ஏழு மணிக்குப் பட்டியில் இருந்தோம். டெல் டவுனிலிருந்து வந்த ஒரு லாரியில் தொற்றிக்கொண்டு வந்திருந்தான். ஹால்வரிடம் தலையை ஆட்டினான். ஹால்வரும் ஆட்டினான். கெம்ப் கையில் சொந்தக் காபிக் குடுவையோடு வந்து, "உன் வீட்டுக் காபியை நம்பறதுக்கில்லே, விஷம் கலந்தாலும் கலப்பே" என்று உரக்கச் சொல்லிவிட்டு வேலையில் இறங்கினான். டெல் குட்டியைப் பிடித்துத் தூக்கி, பலகைமேல் வயிறு தெரிய உட்கார வைப்பான். நான் ஊசி போடுவேன். கெம்ப் வாலில் ரப்பர் வளையம் மாட்டுவான், அது இறுகி வால் பிறகு தானே உதிரும். லோர்னா காதில் அடையாள வில்லை அடிப்பாள். ஹால்வர் முதுகில் பச்சைச் சாயத்தில் எண் போட்டுத் தாயிடம் விடுவான். கத்தல் காதைப் பிளந்தது. ஒரு மணி நேரத்தில் எல்லாருடைய முழங்கையும் சாணியும் ரத்தமும் சாயமுமாக ஆகிவிட்டது. அந்த வேலைக்கு ஒரு குணம் உண்டு, கை ஓட ஓட வாயும் தன்னால் திறந்துகொள்ளும். அன்றைக்கு ஒருவர் வாயும் திறக்கவில்லை.

பத்து மணி வாக்கில் ஒரு வெள்ளை வண்டி பாதையில் திரும்பியது. இறங்கியவர்கள் இரண்டு பேர். நீலச் சட்டை போட்ட ஓர் ஆள், கையில் கோப்போடு இளம்பெண் ஒருத்தி. சேற்றில் எங்கே கால் வைப்பது என்று பார்த்துப் பார்த்து வந்தார்கள்.

லோர்னா கையிலிருந்து வில்லைக் குறடு விழுந்தது. "ஹால்வர், வக்கீல் திங்கக்கிழமைதானே வர்றாங்க?"

"அது உன் வக்கீல். இது நான் வரச் சொன்னது," என்றான் ஹால்வர். அவர்களைப் பார்த்துச் சொல்லவில்லை. எங்கள் மூன்று பேரையும்தான் பார்த்துக்கொண்டிருந்தான். என்னை, கெம்ப்பை, டெல்லை. அப்போதுதான் எனக்கு விளங்கியது. இவன் வாலறுக்கக் கூப்பிடவில்லை. வந்தவர்கள் எங்களில் யார் முகத்தை அடையாளம் காண்கிறார்கள், யார் கண்ணைத் தாழ்த்துகிறோம் என்று பார்ப்பதற்காக வரிசையில் நிறுத்தியிருக்கிறான். எனக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த ஊசியை அவன் பிட்டத்தில் ஏற்றியிருப்பேன்.

"இவங்கள்ல யாரைத் தெரியும் உங்களுக்கு?" என்று நேராகக் கேட்டுவிட்டான்.

நீலச் சட்டைக்காரர் எங்களைப் பார்த்தார். "யாரையும் தெரியாதே. ஏன், சார்?"

"தகவல் குடுத்தது யாருன்னு கேக்கறேன். எனக்குத் தெரியணும். தெரியாம ஒரு வார்த்தை பேச மாட்டேன்."

அந்தப் பெண் கோப்பைத் திறந்தாள். அவள் முகத்தில் குத்தலே இல்லை, கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது. "மிஸ்டர் ஸ்டென்ருட், தகவல் நீங்கதான் குடுத்தீங்க."

"என்னது?"

"மார்ச் மாசம் உங்களுக்கு ஒரு கடிதம் வந்துச்சு. 'எந்த உதிரிச் சாமானை வச்சு செய்யப் போறீங்க, அதோட படம் அனுப்புங்க'ன்னு. நீங்க செஞ்சு முடிச்சதோட படத்தை அனுப்பியிருக்கீங்க." நான்கு புகைப்படங்களைப் பலகைமேல் சுத்தமான இடம் பார்த்து வைத்தாள். லோர்னாவின் பூப்போட்ட மேசை விரிப்பு. அதன்மேல் அந்தக் கறுப்பு உருளை, பக்கத்தில் அளவுகோல். மூடிகளைத் தனித்தனியாக அடுக்கி ஒரு படம், துளை நன்றாகத் தெரியும்படி. உருளையின் மேல் அவன் பெயரையும் ஊரையும் செதுக்கியிருந்ததைக் கிட்டத்தில் ஒரு படம். கூடவே அவன் கையெழுத்தில் ஒரு சீட்டு: 'வேலை முடிந்தது. சுத்தமாக இருக்கிறது. குறை ஏதும் இருந்தால் சொல்லவும்.'

நாங்கள் எல்லாரும் பலகையைச் சுற்றிக் குனிந்து பார்த்தோம்.

பிறகு கெம்ப் பேசினான். "மூணு வாரம்! மூணு வாரமா என் வண்டியைப் பாத்துக் காறித் துப்பினியேடா! நீயே எழுதி, நீயே ஒட்டி, நீயே அனுப்பிட்டு..." மேலே சொல்ல வராமல் தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தான்.

ஹால்வர் படங்களையே பார்த்தான். கோபமில்லை, பயமுமில்லை. யாரோ அவனை உறக்கத்தில் தட்டி எழுப்பியது மாதிரி விழித்தான். "காட்டினாத்தானே முத்திரை குத்துவீங்கன்னு..." என்றான்.

"அனுமதிக்கு முன்னாடி செஞ்சது சட்டப்படி குற்றம், சார்," என்றார் நீலச் சட்டைக்காரர். "படத்துல சாமான் இருக்கு. பேர் இருக்கு. துளை போட்டது யார், எப்போங்கிறது இல்லை. அதைக் கேக்கத்தான் வந்தோம். நீங்க பதில் சொல்லணும்னு கட்டாயம் இல்லை. வக்கீலை வச்சுக்கிட்டுப் பேசலாம்."

"பேசாதீங்க," என்றாள் லோர்னா. "ஹால்வர், ஒரு வார்த்தை பேசாதீங்க."

"நான் போட்டேன்."

சொன்னது டெல். குட்டியை இன்னும் மார்போடு பிடித்துக்கொண்டு நின்றான்.

"டெல்!" என்றாள் லோர்னா.

"நான்தான் போட்டேன். அவருக்கு அந்த நுணுக்கமெல்லாம் வராது. உள்ளே இருந்தப்போ எனக்குப் பட்டறை வேலை கத்துக் குடுத்தாங்க. அவர் சாமானை வாங்கி வச்சிருந்தார், அனுமதி வரட்டும்னு. நான்தான் கேக்காம எடுத்துத் துளை போட்டுட்டேன். பேரையும் நானே செதுக்கினேன். அவர் படம் மட்டும்தான் எடுத்தார்."

அந்தப் பெண் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "உள்ளேன்னா சிறையா? அப்போ துப்பாக்கியோ அதோட சேர்ந்த எதுவோ நீங்க தொட்டாலே தனிக் குற்றம். தெரியும்தானே? உங்களுக்குக் கருணை காட்ட மாட்டாங்க."

"தெரியும். அங்க சோறு மோசம். ஆனா பழகினதுதான்."

அந்தக் கணத்தை நான் மறக்க மாட்டேன். ஹால்வர் சும்மா நின்றால் போதும். வாயைத் திறக்கக் கூடாது என்று வக்கீலே சொல்லியிருக்கிறாள், மனைவி கெஞ்சியிருக்கிறாள், சட்டமே பேச வேண்டாம் என்கிறது. நிலம் நிற்கும், ஆடு நிற்கும், துப்பாக்கி நிற்கும். போவது டெல் மட்டும், அவன் ஏற்கெனவே போய் வந்தவன். லோர்னாவைப் பார்த்தேன். ஒரு பக்கம் புருஷன், ஒரு பக்கம் தம்பி. அவள் இரண்டு கையாலும் பலகையைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

ஹால்வர் கையில் இருந்த சாயக் குச்சியைக் கீழே வைத்தான். கால்சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டான்.

"பிப்ரவரி ஒம்பது," என்றான். "புதன்கிழமை. மத்தியானம் சாப்பிட்டுட்டு உக்காந்தேன், விளக்கு வைக்கிற நேரத்துக்கு முடிச்சேன். முதல் மூடியில துளை கொஞ்சம் கோணிப் போச்சு. படத்துல பாருங்க, தெரியும். பட்டறை வேலை கத்தவன் போட்டா கோணாது."

"ஹால்வர், சும்மா இருங்க," என்றான் டெல்.

"அன்னிக்கு இவன் இந்த வீட்டுலயே இல்லை. கெம்ப் கூட வைக்கோல் ஏத்தப் போனான். ராத்திரிதான் வந்தான். கெம்ப், சொல்லு."

கெம்ப் தொப்பியைச் சேற்றிலிருந்து எடுத்து உதறிக்கொண்டிருந்தான். மூன்று வாரம் ஹால்வர் காறித் துப்பியதைத் தாங்கியவன். ஹால்வரையும் பார்த்தான், டெல்லையும் பார்த்தான். "ஆமா," என்றான். "நாப்பது கட்டு. என்கூடத்தான் இருந்தான்."

"தெரிஞ்சுதான் சொல்றீங்களா, மிஸ்டர் ஸ்டென்ருட்?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"தெரிஞ்சுதான் சொல்றேன். எழுதிக்குங்க. சாமான் தீவன அறையில மூணாவது மூட்டையில இருக்கு. நானே எடுத்துத் தரட்டுமா, நீங்க எடுத்துக்கிறீங்களா?"

அவர்களே எடுத்துக்கொண்டார்கள். ரசீது எழுதிக் கொடுத்தார்கள். விலங்கு ஏதும் போடவில்லை, நீதிமன்ற அழைப்பு தபாலில் வரும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அதையும் ஜூனில் நான்தான் கொண்டுவந்து கொடுத்தேன். செப்டம்பரில் நீதிபதி சிறை இல்லை, மூன்று வருஷக் கண்காணிப்பு, துப்பாக்கி ஆயுசுக்கும் கிடையாது என்று தீர்ப்புச் சொன்னார். ஹால்வர் அந்த இலையுதிர் காலத்திலேயே ஆடுகளில் முக்கால்வாசியை விற்றான். ஆனால் வாலறுப்பு அன்றைக்கு இதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. பட்டியில் இன்னும் அறுபது குட்டிகள் நின்றிருந்தன.

ஹால்வர் டெல்லிடம் போனான். கட்டிக்கொள்ளப் போகிறான் என்று நினைத்தேன். எங்கள் ஆண்களுக்கு அது வராது. டெல்லின் சட்டைக் காலரைப் பிடித்து ஒரு குலுக்குக் குலுக்கினான். "மடையா! எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?" என்றான். "மறுபடி உள்ளே போயிருப்பேடா."

"அக்காவுக்கு நிலம் மிஞ்சியிருக்கும்," என்றான் டெல்.

லோர்னா இரண்டு பேர் தலையிலும் ஓங்கி ஒரு தட்டுத் தட்டிவிட்டு, முகத்தை மூடிக்கொண்டு வீட்டுக்குள் போனாள். வக்கீலுக்குப் போன் பண்ணத்தான் போனாள்.

என்னால் சும்மா நிற்க முடியவில்லை. ஹால்வர் தன் தப்பை எல்லார் முன்னாலும் தேதி போட்டுச் சொன்னவன். நான் யார்? ஊசியைக் கீழே வைத்துவிட்டு டெல்லிடம் போனேன்.

"டெல், ஹால்வர் காதுல உன் பேரைப் போட்டது நான். என்மேல சந்தேகப்பட்டார்னு உன் பக்கம் கையைக் காட்டிட்டேன். எனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா சொன்னேன்."

"தெரியும், பெர்னி," என்றான். "துரத்தினப்பவே சொன்னார், நீங்க சொன்னீங்கன்னு."

"தெரியுமா? மூணு வாரமா தீவனக் கடைக்கு நான் தபால் கொண்டாறேனே. என்னைப் பாத்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

அவன் அடுத்த குட்டியைப் பிடிக்கக் குனிந்தவன், நிமிராமலே சொன்னான்.

"கேக்கலாம்னுதான் ரெண்டு தடவை வாசல் வரைக்கும் வந்தேன். நீங்க வண்டியை நிறுத்தாம, கடிதத்தைத் தூக்கிப் போட்டுட்டுப் போயிட்டீங்க."